இன்ட் இரண்டு பைட்டா, நான்கு பைட்டா?

சி மொழி படித்தவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில், ‘இன்ட் எத்தனை பைட்?’ என்று கேட்டுப்பாருங்கள். டர்போ சியின் நீலத்திரையில் நிரல் எழுதிப் பழகியவர்கள் யோசிக்காமல் ‘இரண்டு’ என்பார்கள். பின்னால் படித்தவர்கள் ‘நான்கு’ என்று திருத்துவார்கள். இரண்டு தரப்புக்கும் ஆதாரமாகப் பாடப்புத்தகம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் சரி.

போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சி, டாஸ் காலத்து 16 பிட் கணினிகளுக்கான கம்பைலர், அதாவது நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். அதில் முழு எண்களுக்கான இன்ட் இனம் 2 பைட். இன்று லினக்ஸிலோ விண்டோஸிலோ ஜிசிசி கம்பைலரைக் கொண்டு பார்த்தால் 4 பைட். சி மொழியின் தர ஆவணமோ இரண்டில் எதையும் கட்டாயமாக்கவில்லை. −32767 முதல் 32767 வரையாவது இன்ட்டில் அடங்கவேண்டும் என்று குறைந்தபட்ச எல்லையை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதைக் கணினிக்கும் கம்பைலருக்கும் விட்டுவிடுகிறது. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978-இல் எழுதிய சி மொழியின் முதல் புத்தகத்திலேயே இதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. பிடிபி-11 கணினியில் இன்ட் 16 பிட், ஹனிவெல் 6000-இல் 36 பிட், ஐபிஎம் 370-இல் 32 பிட் என்று ஒரே சொல்லுக்கு வெவ்வேறு அளவுகளை அதில் பார்க்கலாம்.

ஆக, ‘இன்ட் என்றால் 2 பைட்’ என்று மனப்பாடம் செய்வதால் தரவினம் புரிந்துவிடாது. அது புரிய, முதலில் நினைவகத்தை எட்டிப்பார்க்கவேண்டும்.

நினைவகத்தில் இருப்பது என்ன?

கணினியின் நினைவகம் வரிசையாக அடுக்கிய பைட்டுகள். ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியாக ஓர் எண் உண்டு. நம் கணினிகளில் ஒரு பைட் என்பது 8 பிட்; ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. எட்டு பிட்டுகளை 256 விதமாக அடுக்கலாம். அவ்வளவுதான், நினைவகத்தில் வேறெதுவும் கிடையாது.

ஒரு பைட்டில் 01000001 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 65 என்ற எண்ணா? ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தா? படம் ஒன்றில் ஒரு புள்ளியின் நிறமா? நான்கு பைட் நீளமுள்ள பெரிய எண்ணின் கால்பங்கா? பைட்டை எத்தனை நேரம் உற்றுப்பார்த்தாலும் பதில் கிடைக்காது. படிக்கிறவர் எப்படிப் படிக்கிறாரோ அதுதான் அதன் பொருள்.

இப்போது ஒரு சி வரி:

இன்ட் வயது = 20;

இந்த ஒற்றை வரி நான்கு வேலைகளைச் செய்கிறது. நினைவகத்தில் ஓர் இன்ட்டுக்கு வேண்டிய இடத்தை ஒதுக்குகிறது. அந்த இடத்துக்கு ‘வயது’ என்று பெயர் வைக்கிறது. அங்குள்ள பிட்டுகளை முழு எண்ணாகப் படிக்கவேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்கிறது. கடைசியாக 20 என்ற மதிப்பை அங்கே எழுதுகிறது. பெயரும் இடமும் சேர்ந்தது மாறி. எவ்வளவு இடம், அதை எப்படிப் படிப்பது என்ற இரண்டையும் சொல்வது தரவினம்.

வகுப்பறையில் மாறியை டப்பாவுக்கு ஒப்பிடுவது வழக்கம்: டப்பாவின் மேல் பெயர், உள்ளே மதிப்பு. தொடங்குகிறவருக்கு அது போதும். ஆனால் அடுக்களை டப்பாவில் சீட்டு கிழிந்துபோனாலும், திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது உப்பா சர்க்கரையா என்று நாக்கு சொல்லிவிடும். நினைவகத்தில் அந்த வசதி இல்லை. கம்பைலர் தன் வேலையை முடித்தபின் ‘வயது’ என்ற பெயரும் ‘இன்ட்’ என்ற இனமும் நினைவகத்தில் எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. முகவரிகளும் இயந்திரக் கட்டளைகளும் மட்டுமே மிஞ்சுகின்றன.

இதை நேரில் பார்க்கலாம். ஃப்ளோட் என்பது தசமப் புள்ளி எண்களுக்கான 4 பைட் இனம். ஒரு ஃப்ளோட் மாறியில் 1.0 என்று வையுங்கள். பிறகு மெம்காப்பி என்ற செயற்கூற்றைக் கொண்டு அந்த 4 பைட்டுகளை அப்படியே ஓர் இன்ட் மாறிக்கு நகலெடுத்து, அச்சிடச் சொல்லுங்கள். திரையில் வருவது 1065353216. ஒரு பிட்கூட மாறவில்லை. ஒன்று என்ற எண், படிக்கும் முறை மாறியதும் நூறு கோடியைத் தாண்டிவிட்டது.

இனம் பார்க்காத மொழி

தரவினம் சி மொழிக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. அதன் தாய்மொழியில் அது இல்லவே இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பிசிபிஎல் மொழியைச் சுருக்கி ‘பி’ என்ற மொழியை உருவாக்கினார். அது ஓடிய பிடிபி-7 கணினியின் நினைவகம் 18 பிட் கொண்ட துண்டுகளாகப் பிரிந்திருந்தது. பி மொழியில் எல்லா மாறியும் அப்படி ஒரு துண்டு. எண்ணாக இருந்தாலும் எழுத்தாக இருந்தாலும் முகவரியாக இருந்தாலும் ஒரே துண்டுதான். இனம் என்று தனியாக எதையும் சொல்லவேண்டிய தேவையே எழவில்லை.

1970-இல் பிடிபி-11 வந்தது. அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. கணக்கிடும் துண்டு 16 பிட். பி மொழி இங்கே திணறியது. பைட் பைட்டாக எழுத்துகளைக் கையாளக் கணினி தயாராக இருந்தும், துண்டுக்குள் எழுத்துகளை அடைப்பதும் பிரிப்பதுமாக மொழி சுற்றிவளைத்தது. பெரிய கணினிகளின் 36 பிட் துண்டுக்குள் தசமப் புள்ளி எண்கள் அடங்கின. 16 பிட்டுக்குள் அவற்றை அடக்கமுடியாது. முகவரிகளையும் துண்டுக் கணக்கிலிருந்து பைட் கணக்குக்கு ஓடும்போதெல்லாம் மாற்றவேண்டியிருந்தது.

டென்னிஸ் ரிட்சி 1971-இல் பி மொழியோடு இன்ட், சார் என்ற இரண்டு இனங்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1972-இல் அது சி என்ற தனி மொழியாக உருப்பெற்றது. அடுத்த ஆண்டே யூனிக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதி சியில் திருப்பி எழுதப்பட்டது. வெவ்வேறு அளவுள்ள பொருள்களை ஒரே இயந்திரத்தில் கையாளவேண்டி வந்தபோது, எதை எப்படிப் படிப்பது என்று கம்பைலருக்குச் சொல்லியாகவேண்டிய நிலை உருவானது. அந்தத் தேவைதான் தரவினங்களைப் பெற்றது.

முழு எண்களும் அவற்றின் எல்லையும்

இன்றைய வழக்கமான 4 பைட் இன்ட்டில் −2147483648 முதல் 2147483647 வரை வைக்கலாம். அதாவது மேல் எல்லை 214 கோடி சொச்சம். இந்தியாவின் மக்கள்தொகை இதில் அடங்கும். உலகத்தின் மக்கள்தொகை அடங்காது. எதிர்மறை எண் வேண்டாம் என்றால் ‘அன்சைன்டு’ என்று முன்னால் போடலாம். அதே 32 பிட்டில் 0 முதல் 429 கோடி சொச்சம் வரை வைக்கலாம். அதற்கும் மேலே போனால் 8 பைட் நீளமுள்ள ‘லாங் லாங்’ இருக்கிறது. சின்ன எண்களுக்கு ‘ஷார்ட்’. இடையில் உள்ள ‘லாங்’ கொஞ்சம் ஏமாற்றும்: 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். இந்தக் குழப்பமே வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் 1999-ஆம் ஆண்டின் தரம் ‘இன்ட்32_டி’, ‘இன்ட்64_டி’ என்று அளவைப் பெயரிலேயே சொல்லும் இனங்களைக் கொண்டுவந்தது.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? அன்சைன்டு எண்கள் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வரும் என்று தரம் உறுதி தருகிறது. சாதாரண இன்ட்டுக்கு அந்த உறுதி இல்லை. பெரும்பாலும் மிகப்பெரிய எண் சட்டென்று மிகச்சிறிய எதிர்மறை எண்ணாகிவிடும். டர்போ சியில் 32767-உடன் 1 கூட்டினால் −32768 வரும். ஆனால் அதையே நம்பி நிரல் எழுதமுடியாது. கம்பைலர் அந்தக் கணக்கை எப்படி வேண்டுமானாலும் நடத்திக்கொள்ள மொழி அனுமதிக்கிறது.

இந்த எல்லை புத்தகத்தோடு நிற்கிற சங்கதியில்லை. 2014 டிசம்பரில், ‘கங்னம் ஸ்டைல்’ பாடல் பார்க்கப்பட்ட எண்ணிக்கை 2147483647-ஐத் தாண்டியதையொட்டி, யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு உயர்த்தியதாக அறிவித்தது. இன்னொரு எல்லை இனிமேல் வரப்போகிறது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட் இன்ட்டில் வைத்திருக்கும் சாதனங்களுக்கு, இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பருக்குத் திரும்பக்கூடும். புதிய கணினிகள் 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டன. மாற்றமுடியாதபடி இயந்திரங்களுக்குள் பதிந்துகிடக்கும் பழைய நிரல்கள்தான் கவலை.

புதிதாக நிரல் எழுதுகிறவர் இடறுவது இன்னும் பக்கத்தில் உள்ள கல்லில். ஐந்து பாட மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 447 என்றால் சராசரி 89.4. ஆனால் சியில் 447 / 5 என்று எழுதினால் விடை 89. வகுபடுவதும் வகுப்பதும் இன்ட்டாக இருந்தால் விடையும் இன்ட். புள்ளிக்குப் பின்னால் இருப்பது கழிந்துபோகும். விடையை வாங்கும் மாறியை ஃப்ளோட் என்று அறிவித்திருந்தாலும் பயனில்லை, 89.0 தான் கிடைக்கும். வகுத்தல் முடிந்த பிறகுதான் கம்பைலர் அந்த மாறியிடம் வருகிறது. 447 / 5.0 என்று ஒரு பக்கத்தையாவது புள்ளி எண்ணாக மாற்றினால் 89.4 கிடைக்கும்.

தொலைபேசி எண் இன்னொரு பொறி. 9-இல் தொடங்கும் பத்து இலக்கக் கைபேசி எண் 900 கோடியைத் தாண்டிவிடும், இன்ட்டில் அடங்காது. ‘லாங் லாங்’ போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். சென்னையின் எஸ்டிடி குறியீடான 044-ஐ நிரலில் அப்படியே எழுதி அச்சிட்டுப்பாருங்கள், 36 என்று வரும். பூஜ்யத்தில் தொடங்கும் முழு எண்ணைச் சி எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாகப் படிக்கும்; 4 எட்டு 32, அதோடு 4 சேர்த்து 36. கூட்டவோ கழிக்கவோ போகாத இலக்கங்கள் உண்மையில் எண்களே இல்லை. கைபேசி எண், ஆதார் எண், பதிவெண் எல்லாம் எழுத்துச் சரங்களாக இருப்பதே முறை.

ஓர் எழுத்து, மூன்று பைட்

சார் என்ற இனம் எப்போதும் 1 பைட். பெயர்தான் எழுத்து, உள்ளே இருப்பது சின்ன முழு எண். ஆஸ்கி அட்டவணையின்படி ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65-லிருந்தும், சிறிய எழுத்துகள் 97-லிருந்தும், ‘0’ முதல் ‘9’ வரையிலான இலக்கக் குறிகள் 48-லிருந்தும் தொடங்குகின்றன. அதனால் 7 என்பதும் ‘7’ என்பதும் ஒன்றல்ல. மேற்கோளுக்குள் இருக்கும் ‘7’-இன் மதிப்பு 55. அதிலிருந்து ‘0’-ஐக் கழித்தால், அதாவது 55-லிருந்து 48-ஐக் கழித்தால், நமக்கு வேண்டிய 7 கிடைக்கும். விசைப்பலகையில் தட்டிய இலக்கத்தை எண்ணாக மாற்றச் சி நிரலர்கள் அன்றாடம் செய்யும் கணக்கு இது.

தமிழ் எழுத்தை ஒரு சார் மாறியில் வைக்கமுடியுமா? முடியாது. யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற ஓர் எழுத்து 224, 174, 133 என்று மூன்று பைட் பிடிக்கிறது. எழுத்தோடு உயிர்க்குறியோ புள்ளியோ சேரும்போது கணக்கு இன்னும் கூடும். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். நீளம் எவ்வளவு என்று சியின் எஸ்டிஆர்லென் செயற்கூற்றைக் கேட்டால் 15 என்று சொல்லும். அதற்குத் தெரிந்தது பைட் கணக்கு மட்டுமே. அதே சொல்லின் பைட்டுகளை ஒவ்வொன்றாக எண்களாக அச்சிட்டால் பல கணினிகளில் −32, −82 என்று எதிர்மறை எண்கள் வரும். அங்கே சார் என்பது −128 முதல் 127 வரை போகும் இனம். 224-ஐக் குறிக்கும் பிட்டுகளை அப்படிப் படித்தால் −32 ஆகிவிடுகிறது. ‘அன்சைன்டு சார்’ என்று அறிவித்தால் 224 என்றே வரும்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் நல்ல பதில் உண்டு. ஜிசிசி கம்பைலர் 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கிறது. மேலே பார்த்த ‘வயது’ என்ற பெயர் அப்படியே செல்லும். இன்ட், ஃப்ளோட் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்.

புள்ளி எண்களின் பொய்

தசமப் புள்ளி எண்களுக்கு 4 பைட் ஃப்ளோட்டும் 8 பைட் டபுளும் உண்டு. வில்லியம் கஹன் முன்னின்று உருவாக்கிய 1985-ஆம் ஆண்டின் ஐஇஇஇ 754 தரத்தைத்தான் ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் பின்பற்றுகின்றன. அதன்படி ஃப்ளோட்டில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்கு, 8 பிட் அடுக்குக்கு, 23 பிட் இலக்கங்களுக்கு. ஏறத்தாழ 7 தசம இலக்கம்வரை நம்பலாம். டபுளில் 15 இலக்கம்வரை நம்பலாம்.

நம்பலாம் என்றாலும் முழுதாக இல்லை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் 0.333 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகிறோம் அல்லவா, பத்தில் ஒரு பங்குக்கு இரும எண்களில் அதே கதி. 0.1 என்ற எளிய எண் இருமத்தில் முடிவதே இல்லை. எந்த இடத்திலாவது வெட்டியாகவேண்டும். அதனால் ஒரு ஃப்ளோட் மாறியில் 0.1 வைத்துவிட்டு, ‘இது 0.1-க்குச் சமமா?’ என்று அடுத்த வரியிலேயே கேட்டால் ‘இல்லை’ என்று விடை வரும். நிரலில் வெறுமனே எழுதும் 0.1 ஒரு டபுள். ஃப்ளோட்டில் இருப்பது அதைவிட முன்னதாக வெட்டுப்பட்ட எண்.

இந்த வெட்டு உயிர்களைக் குடித்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி ஒன்று, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைக் கோட்டைவிட்டது. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். அந்தக் கருவி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி, 24 பிட்டில் வெட்டிய 0.1-ஆல் பெருக்கியது. அது ஃப்ளோட் கூட இல்லை, புள்ளி அசையாத வகை. ஆனால் நோய் ஒன்றுதான். ஏறத்தாழ 100 மணிநேரம் அணைக்காமல் ஓடியதில் பிழை 0.34 நொடியாக வளர்ந்திருந்தது. அந்த நேரத்துக்குள் ஒரு ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

நம் நிரலில் இது பணக்கணக்கில் வந்து நிற்கும். ஃப்ளோட் மாறியில் 16777216 இருக்கும்போது 1 கூட்டினால் விடை மறுபடி 16777216. இலக்கங்களுக்கான இடம் அங்கே தீர்ந்துவிடுகிறது. 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரம் ரூபாயைத் தாண்டிய கணக்கில் ஒற்றை ரூபாய் காணாமல் போவதை எந்த வணிகரும் ஏற்கமாட்டார். பணத்தைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைப்பதே பாதுகாப்பு. அதற்கும் இன்ட் போதாது; பைசாவில் வைத்தால் 2 கோடியே 14 லட்சம் ரூபாயோடு அது நின்றுவிடும். ‘லாங் லாங்’ தான் சரி.

அறிவிக்கும்போது கவனிக்கவேண்டியவை

பெயர் வைக்கும் விதிகள் சுலபம். எழுத்து, இலக்கம், அடிக்கோடு வரலாம், இலக்கத்தில் தொடங்கக்கூடாது, இடைவெளி கூடாது, மொழியின் சொந்தச் சொற்களைப் பயன்படுத்தக்கூடாது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு.

தொடக்க மதிப்பை மறப்பதுதான் பெரிய தொல்லை. ‘இன்ட் கூட்டுத்தொகை;’ என்று ஒரு செயற்கூற்றுக்குள் அறிவித்துவிட்டு நேரே கூட்ட ஆரம்பித்தால், அந்த இடத்தில் முன்பு யாரோ விட்டுப்போன பிட்டுகளோடு கணக்குத் தொடங்கும். சி அந்த இடத்தைத் துடைத்துத் தராது. இந்தக் ‘குப்பை மதிப்பு’ சில நாள் தற்செயலாகப் பூஜ்யமாகவே இருந்து, நிரல் சரியாக இருப்பதாக நம்பவைக்கும். அறிவிக்கும் வரியிலேயே = 0 போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப், அச்சிடும் பிரிண்ட்எஃப் இரண்டிலும் %டி, %எஃப் என்று குறிகள் எழுதுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். பைட்டுகளில் இனம் எழுதியிருப்பதில்லை என்பதால், அவற்றை எப்படிப் படிப்பது என்று அங்கே மறுபடி சொல்லவேண்டியிருக்கிறது. ஸ்கேன்எஃப் மதிப்பை நேராக நினைவகத்தில் எழுதுகிறது; அதற்கு முகவரி தேவை; அதனால்தான் பெயருக்கு முன் & குறி. டபுள் மாறிக்கு %எல்எஃப் போடவேண்டிய இடத்தில் %எஃப் போட்டால், 8 பைட் இடத்தில் 4 பைட்டுக்கு மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். மீதி நான்கில் பழையதே கிடக்கும்.

ஒரு மாறியை அறிவிக்குமுன் மூன்று கேள்விகள் போதும். இதை வைத்துக் கணக்குப் போடப்போகிறோமா? இல்லையென்றால் எழுத்துச் சரம். இது துல்லியமான எண்ணிக்கையா, அளவீடா? எண்ணிக்கை என்றால் முழு எண்; வெப்பநிலை, தூரம் போன்ற அளவீடு என்றால் டபுள். பத்து ஆண்டு கழித்து இது எவ்வளவு பெரிதாகும்? அதற்கேற்ற அளவு. பிறகு ‘-வால்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து ஜிசிசியை ஓட்டுங்கள். %டி-க்கு எதிரே டபுள் நிற்பதைப் போன்ற தவறுகளை அது வரி எண்ணோடு சுட்டும். அந்த எச்சரிக்கைகளைப் படித்துத் திருத்துகிறவர், சி மொழியில் பாதித் தொல்லைகளைத் தொடக்கத்திலேயே தாண்டிவிடுகிறார்.